நான்கு சிலிண்டருக்கு நான்கு த்ரோட்டல்: அன்றாடம் ஓட்டும் காருக்கு ஒத்துவருமா?

கோலாலம்பூரோ ஜொகூர் பாருவோ, பழைய கார் ஆர்வலர்கள் கூடும் இடங்களில் பானெட்டைத் திறந்து வைத்த சில கார்களைச் சுற்றி மட்டும் கூட்டம் கூடுதலாக நிற்கும். எட்டிப் பார்த்தால், இயந்திரத்தின் பக்கவாட்டில் நாதஸ்வரத்தின் வாயைப் போல விரிந்த நான்கு குழல்கள் வரிசையாக இருக்கும். எண்ணெய் மிதியை அழுத்தும்போது அவை எழுப்பும் ஓசைக்காகவே மாதக்கணக்கில் பணம் சேர்க்கும் இளைஞர்கள் உண்டு.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ரோட்டல் பாடி பொருத்தும் இந்த அமைப்பை ஆர்வலர்கள் சுருக்கமாக 'ஐடிபி' என்கிறார்கள். பந்தயத் திடலில் அதன் பயன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உறுதியாகிவிட்டது. காலையில் வேலைக்கும் மாலையில் பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்து வரவும் ஓட்டும் காரில் அது எப்படி நடந்துகொள்ளும், அதனுடன் வேறு என்னென்ன வேலைகள் சேர்ந்து வரும், எதை விட்டுவிட்டால் பிரேக் வரை பாதிப்பு போகும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

த்ரோட்டல் என்ன செய்கிறது?

பெட்ரோல் இயந்திரத்தின் தொண்டை என்று த்ரோட்டலைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஓர் உலோகக் குழாய்க்குள் அச்சில் சுழலும் வட்டத் தட்டு ஒன்று இருக்கும். எண்ணெய் மிதியை அழுத்தினால் தட்டு திறக்கும். காலை எடுத்தால் மூடும். மிதியை அழுத்தும்போது ஓட்டுநர் நேரடியாகப் பெட்ரோலைக் கூட்டுவதில்லை. காற்றைத்தான் கூட்டுகிறார். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலைச் சேர்ப்பது ஈசியூ எனப்படும் கணினியின் வேலை.

சாதாரணக் கார்களில் இத்தகைய தட்டு ஒன்றுதான் இருக்கும். அதைத் தாண்டிய காற்று முதலில் ஒரு பொது அறைக்குள் சேர்ந்து, அங்கிருந்து தனித்தனிக் குழல்கள் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து செல்லும். ஐடிபி அமைப்பில் இந்தப் பொது அறை இல்லை. ஒவ்வொரு குழலிலும், வால்வுக்கு மிக அருகில், அதற்கென ஒரு தட்டு இருக்கும். நான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்து மூடும்படி இணைப்புத் தண்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும்.

முதல் பயன் இங்கேதான் கிடைக்கிறது. ஒற்றைத் த்ரோட்டல் இயந்திரத்தில் மிதியை அழுத்தியதும் பொது அறை முழுவதும் காற்று நிரம்பி அழுத்தம் உயர வேண்டும். பிறகே சிலிண்டருக்கு முழு அளவு போய்ச் சேரும். ஐடிபியில் தட்டுக்கும் வால்வுக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவு இடைவெளிதான். அதனால் மிதியின் அசைவுக்கு இயந்திரம் உடனே பதில் சொல்கிறது. மிதியை விட்டதும் சுழற்சி சட்டென்று இறங்கவும் செய்கிறது.

தொழிற்சாலையிலேயே வந்த கார்கள்

இது பட்டறைகளில் பிறந்த கண்டுபிடிப்பு அன்று. 1986இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரின் நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் நான்கு த்ரோட்டல்கள் இருந்தன. 1989இல் மீண்டும் அறிமுகமான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டர்போவுடன் ஆறு த்ரோட்டல்களையும் கொண்டிருந்தது. 1991இல் ஹோண்டா வெளியிட்ட பீட் என்னும் குட்டிக் காரில் 656 சிசி இயந்திரத்துக்கு மூன்று த்ரோட்டல்கள். டர்போ இல்லாமலேயே 64 குதிரைத்திறன்.

மலேசியாவில் அதிகம் பேசப்படுவது டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ 20 வால்வு இயந்திரம்தான். 1,587 சிசி கொள்ளளவு, சிலிண்டருக்கு 5 வால்வுகள், நான்கு த்ரோட்டல்கள். 1991இல் ஜப்பானில் கொரோல்லா லெவின், ஸ்பிரிண்டர் ட்ருவெனோ கார்களில் முதலில் வந்தது. மேல்மூடியின் நிறத்தை வைத்து அதற்கு 'சில்வர்டாப்' என்று பெயர். நிமிடத்துக்கு 7,400 சுழற்சியில் 160 குதிரைத்திறன் தரும். 1995இல் வந்த அடுத்த வடிவம் 'பிளாக்டாப்'. அதன் அழுத்த விகிதம் 10.5இலிருந்து 11ஆக உயர்ந்தது. த்ரோட்டலின் விட்டம் 42 மில்லிமீட்டரிலிருந்து 45 மில்லிமீட்டராகக் கூடியது. 7,800 சுழற்சியில் 165 குதிரைத்திறன் கிடைத்தது.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் 'ஹாஃப் கட்' கார்களின் வழியே இந்த இயந்திரங்கள் இங்கு வந்து சேர்ந்தன. கொரோல்லா எஸ்இஜி, 'டிஎக்ஸ்' என்று அழைக்கப்படும் கேஇ70, ஏஇ86 போன்ற கார்களில் அவை இடம்பெற்றன. எஸ்இஜியும் லெவினும் ஒரே குடும்பத்து உடல் என்பதால் அதில் பொருத்துவது ஓரளவு எளிது. பின்சக்கரங்களால் இயங்கும் டிஎக்ஸிலும் ஏஇ86இலும் இயந்திரம் நீளவாக்கில் உட்காரும். அப்போது சிலிண்டர் தலையின் பின்புறமுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் தடுப்புச் சுவரில் இடிக்கும்; நீர்க்குழாய்களின் பாதையையும் மாற்ற வேண்டியிருக்கும். 'இயந்திரம் மலிவாகக் கிடைத்தது' என்று தொடங்கும் வேலை நீண்டுகொண்டே போவது இப்படித்தான்.

குதிரைத்திறன் எவ்வளவு ஏறும்?

"அண்ணே, நாலு த்ரோட்டல் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?" பட்டறைக்கு வரும் இளைஞர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்கு டொயோட்டாவின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். சில்வர்டாப்புக்கு முன் ஜப்பானில் விற்கப்பட்ட 16 வால்வு 4ஏ-ஜிஇ, ஒற்றைத் த்ரோட்டலுடன் 140 குதிரைத்திறன் தந்தது. 20 வால்வு வந்தபோது அது 160 ஆனது. கூடிய 20 குதிரைத்திறனும் த்ரோட்டலால் வந்ததன்று. சிலிண்டருக்கு ஒரு வால்வு கூடியது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு சேர்ந்தது. அழுத்த விகிதம் சற்று உயர்ந்தது. காற்றுப் பாதை முழுவதும் புதிதாக வரையப்பட்டது. இத்தனையும் சேர்ந்த பலன் அது.

சரியான அளவுள்ள ஒற்றைத் த்ரோட்டல், முழுதாகத் திறந்திருக்கும்போது இயந்திரத்துக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. ஆகவே எதையும் மாற்றாத சாதாரண இயந்திரத்தில் ஐடிபியை மட்டும் பொருத்தினால் டைனோ சோதனையில் வரும் எண் ஏமாற்றமளிக்கக்கூடும். குழலின் நீளம் பொருந்தாமல் போனால் தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறையவும் கூடும். நீண்ட குழல் தாழ்ந்த சுழற்சிக்கும், குட்டையான குழல் உயர்ந்த சுழற்சிக்கும் உதவும் என்பது பொது விதி. நெரிசலில் 2,000 சுழற்சியில் ஓடும் காருக்கு 8,000 சுழற்சிக்கான குட்டைக் குழல் பொருந்தாது.

அப்படியானால் உண்மையான பலன் யாருக்கு? 'பெரிய கேம்' போட்ட இயந்திரத்துக்கு. உயர்ந்த சுழற்சிக்கான கேம்ஷாஃப்டுகள் காற்று வால்வையும் புகை வால்வையும் சற்று நேரம் சேர்ந்தே திறந்து வைக்கும். தாழ்ந்த சுழற்சியில் அந்த நேரத்தில் எரிந்த வாயு காற்றுக் குழலுக்குள் திரும்பி வரும். பொது அறை இருந்தால் ஒரு சிலிண்டரின் இந்தப் பின்னடிப்பு மற்ற மூன்றையும் குழப்பும், ஐட்லிங் தடுமாறும். ஐடிபியில் ஒவ்வொரு சிலிண்டரும் தனியாக இருப்பதால் அந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. பெரிய கேமையும் சாலையில் ஓட்டத்தக்கதாக ஆக்குவதே ஐடிபியின் முதன்மைப் பயன். கேமை மாற்றும் எண்ணம் இல்லாதவருக்கு மிஞ்சுவது உடனடித் துடிப்பும் ஓசையும் மட்டுமே. அந்த இரண்டுக்காகவே செலவு செய்வதிலும் தவறில்லை. ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

ஈசியூவுக்கு ஏற்படும் குழப்பம்

காற்றின் அளவை ஈசியூ எப்படி அறிகிறது என்பதில்தான் அன்றாட ஓட்டத்தின் சிக்கல் தொடங்குகிறது. சில கார்களில் ஏர்ஃப்ளோ மீட்டர் காற்றை நேரடியாக அளக்கும். வேறு சிலவற்றில் மேப் சென்சார், பொது அறையின் அழுத்தத்தைப் படித்துக் கணக்கிடும். ஐடிபியில் பொது அறை இல்லாததால் ஒரு குழலின் அழுத்தம் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஏறி இறங்கித் துடித்துக்கொண்டே இருக்கும்.

தொழிற்சாலை இதற்கு வழி செய்திருந்தது. சில்வர்டாப்பில் நான்கு வாய்களையும் ஒரு காற்றுப் பெட்டி மூடியிருக்கும். அதற்கு முன்னால் ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கும். பிளாக்டாப்பில் குழல்களின் அழுத்தத்தைத் திரட்டி மேப் சென்சாருக்குக் கொடுத்தார்கள். ஓசைக்காகச் சில்வர்டாப்பின் காற்றுப் பெட்டியையும் மீட்டரையும் கழற்றி எறிந்துவிட்டால், மூல ஈசியூவுக்குக் கண் தெரியாமல் போகும். பிறகு தனி ஈசியூ வாங்கியே ஆக வேண்டும்.

தனி ஈசியூவில் வழக்கமாகப் பயன்படும் முறை 'ஆல்ஃபா-என்'. த்ரோட்டல் எத்தனை பாகை திறந்திருக்கிறது, இயந்திரம் எத்தனை சுழற்சியில் ஓடுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெட்ரோல் அளவை அட்டவணையிலிருந்து எடுப்பது அது. பந்தயத்தில், மிதி முழுதாக அழுத்தப்பட்டோ முழுதாக விடப்பட்டோ இருக்கும் இடத்தில், இது போதும். சாலையில் அப்படி இல்லை.

காரணத்தை எளிய கணக்கில் பார்க்கலாம். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு த்ரோட்டல்களின் மொத்தப் பரப்பு, 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் த்ரோட்டலுக்குச் சமம். 1.6 லிட்டர் காரில் 55 மில்லிமீட்டர் த்ரோட்டல் இருப்பதாகக் கொண்டால், ஐடிபியின் பரப்பு அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால் மிதியின் முதல் சில மில்லிமீட்டர் அசைவிலேயே காற்று பாய்ந்து வந்துவிடும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஓட்டுநர் பயன்படுத்துவது அந்தச் சில மில்லிமீட்டர்களைத்தான். ஈசியூ அட்டவணையில் அந்தப் பகுதியை மிக நுணுக்கமாக நிரப்பாவிட்டால் கார் குலுங்கும், முட்டி முட்டி ஓடும். டைனோவில் முழு மிதியில் மட்டும் டியூன் செய்து கொடுக்கப்பட்ட கார்கள் கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் படுத்துவதற்கு இதுவே காரணம்.

கெந்திங் ஏறும்போது என்ன நடக்கும்?

ஆல்ஃபா-என் முறைக்கு இன்னொரு குறை உண்டு. அதற்கு வானிலையும் தெரியாது, மலையும் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கெந்திங் மலை உச்சிக்குப் போய்விடலாம். அங்கே கடல் மட்டத்திலிருந்து உயரம் 1,700 மீட்டருக்கும் மேல். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட 17, 18 விழுக்காடு குறைவு. த்ரோட்டல் அதே அளவு திறந்திருந்தாலும் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்துவிடும். அட்டவணையோ அடிவாரத்துக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். கறுப்புப் புகை, கரி படிந்த ஸ்பார்க் பிளக், மூச்சுத் திணறும் இயந்திரம் என்று விளைவுகள் வரிசையாக வரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் சூடேறிக் கெடும்.

தீர்வு கடினமானதன்று. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படிக்கும் தனி சென்சார் ஒன்றை ஈசியூவுடன் இணைத்து, திருத்தக் கணக்கையும் எழுதிவிட வேண்டும். சில ஈசியூக்களில் அது உள்ளேயே இருக்கும். காற்றின் வெப்பத்தைப் படிக்கும் சென்சாரும் கட்டாயம் தேவை.

வெப்பத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. காற்று பெட்டியால் மூடப்படாத திறந்த ட்ரம்பெட்டுகள் பானெட்டுக்கு அடியிலுள்ள சூடான காற்றையே உறிஞ்சும். வெளியே 30 பாகை செல்சியஸ், உள்ளே 60 பாகை என்று வைத்துக்கொண்டால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த குதிரைத்திறன் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே ஆவியாகிவிடும். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் காற்றுப் பெட்டி இதற்கு மருந்து. ஓசை சற்றுக் குறையும். கார் நன்றாக ஓடும்.

பிரேக்கை மறக்கக்கூடாது

மேலே சொன்னவை எல்லாம் பணத்தையும் பொறுமையையும் சோதிப்பவை. உயிரைச் சோதிக்கும் ஒன்று இருக்கிறது.

பிரேக் மிதி இலேசாக இருப்பதற்குக் காரணம் பிரேக் பூஸ்டர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அந்தப் பூஸ்டர் வேலை செய்வது, த்ரோட்டலுக்குப் பின்னால் இயந்திரம் உருவாக்கும் உறிஞ்சு விசையால். அதைப் பட்டறைகளில் 'வேக்குவம்' என்கிறார்கள். பொது அறை இருந்தபோது நான்கு சிலிண்டர்களின் உறிஞ்சலும் ஒன்றுசேர்ந்து சீரான வேக்குவம் கிடைத்தது. ஐடிபியில் அந்த அறையே இல்லை.

அவசர வேலையில் சிலர் பூஸ்டர் குழாயை ஏதேனும் ஒரு குழலில் மட்டும் இணைத்துவிடுவது உண்டு. அப்போது நான்கு உறிஞ்சலில் ஒன்று மட்டுமே பூஸ்டருக்குப் பயன்படும். பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தால் வேக்குவம் ஈடுகொடுக்காது. மிதி கல்லைப் போல் இறுகும். மிதிக்கும்போதெல்லாம் பூஸ்டரிலிருந்து வரும் காற்று அந்த ஒரு சிலிண்டருக்குள் மட்டும் புகுந்து, அதன் கலவையையும் கெடுக்கும். பெரிய கேம் போட்ட இயந்திரத்தில் வேக்குவம் ஏற்கெனவே குறைவு என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும்போது இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

சரியான முறை இது: நான்கு குழல்களிலிருந்தும் மெல்லிய குழாய்களை எடுத்து ஒரு சிறு தொட்டியில் சேர்க்க வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு வழியாகப் பூஸ்டருக்கு இணைப்பு போக வேண்டும். அப்படியும் வேக்குவம் போதாவிட்டால் மின்சார வேக்குவம் பம்ப் பொருத்த வேண்டும்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது உரிமையாளர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு. முதலாவது, இயந்திரத்தை அணைத்துவிட்டு, மிதி இறுகும்வரை பலமுறை பிரேக்கை மிதிக்கவும். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடியே இயந்திரத்தை இயக்கவும். பூஸ்டர் சரியாக இருந்தால் மிதி சற்றுக் கீழே இறங்கும். இரண்டாவது, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைக்கவும். பிறகு மிதித்தால் முதல் ஓரிரு முறையாவது மிதி இலேசாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் காரைச் சாலைக்கு எடுக்கக்கூடாது.

சமன்செய்யும் வேலை

நான்கு தட்டுகளும் ஒரே அளவு திறந்தால்தான் நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவு வேலை செய்யும். ஐட்லிங்கில் தட்டின் இடைவெளி முடியளவே இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகூட இயந்திரத்தை நடுங்க வைக்கும். பல கார்புரேட்டர்கள் கொண்ட பழைய மோட்டார் சைக்கிள்களில் வேலை செய்த போர்மன்களுக்கு இந்த வேலை புதிதன்று.

இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். எங்கும் காற்றுக் கசிவு இல்லையென்று முதலில் உறுதிசெய்யப்படும். பிறகு ஒவ்வொரு வாயிலும் காற்றோட்ட அளவி வைக்கப்படும்; அல்லது ஒவ்வொரு குழலிலும் வேக்குவம் மானி இணைக்கப்படும். ஒரு சிலிண்டரை அடிப்படையாகக் கொண்டு, இணைப்புத் தண்டிலுள்ள திருகுகளால் மற்றவை அதற்குச் சமமாக்கப்படும். ஐட்லிங்கில் மீதமுள்ள சிறு வேறுபாட்டைக் காற்றுத் திருகுகள் சரிசெய்யும். 2,000, 3,000 சுழற்சிகளிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருகுகளைப் பூட்ட வேண்டும். இணைப்புகள் தேய்வதால், ஒவ்வொரு சர்வீஸிலும் இதைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

குளிர்சாதனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்ப்ரெஸர் இயங்கத் தொடங்கும்போது ஐட்லிங் விழாமல் தாங்கிப் பிடிக்க, காற்றைக் கூட்டிக் கொடுக்கும் வால்வு ஒன்று சாதாரணக் கார்களில் உண்டு. ஐடிபியில் அந்த வால்வின் காற்றையும் நான்கு குழல்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பந்தயக் கார்களுக்கான தொகுப்புகளில் பல, இந்த வால்வுக்கு இடமே வைப்பதில்லை. நம் ஊர் வெயிலில் குளிர்சாதனம் இல்லாமல் அன்றாடம் ஓட்டுவது எத்தனை நாளுக்கு முடியும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

தூசியும் வெள்ளமும்

வடிகட்டி இல்லாத திறந்த ட்ரம்பெட்டுகள் படத்துக்கு அழகு. சாலையில் அவை தூசியையும் மணலையும் சிலிண்டருக்குள் விட்டுப் பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். கம்பி வலை சிறு கல்லைத் தடுக்குமே தவிர மணலைத் தடுக்காது. வேலை செய்யும்போது கைதவறி விழும் ஒரு சிறு திருகு ஒற்றைத் த்ரோட்டல் காரில் பொது அறையிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு. ஐடிபியில் அது நேரே வால்வில்தான் போய் நிற்கும்.

மழைக்காலத் திடீர் வெள்ளமும் ஓர் அபாயம். காற்று உறிஞ்சும் வாய் தாழ்வான இடத்தில் இருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் புகும். காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். காற்றுப் பெட்டியும் நல்ல வடிகட்டியும், உயரத்தில் வைத்த உறிஞ்சு வாயும் அன்றாடக் காருக்குக் கட்டாயம்.

சட்டமும் காப்புறுதியும்

மலேசியாவில் காரின் இயந்திர எண்ணும் கொள்ளளவும் பதிவில் உள்ளவை. இயந்திரத்தை மாற்றினால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற்று, வாகனப் பரிசோதனைக்கு உட்படுத்தி, பதிவிலும் மாற்றம் செய்ய வேண்டும். ஹாஃப் கட் இயந்திரம் வாங்குபவர்கள் அதன் இறக்குமதி ஆவணங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆவணமில்லாத இயந்திரத்தைப் பதிவில் ஏற்றுவது பெரும்பாடு. இயந்திரத்தை மாற்றாமல் த்ரோட்டலை மட்டும் மாற்றுவோரும் முன்கூட்டியே ஜேபிஜேயிடம் கேட்டுத் தெளிவதே பாதுகாப்பு.

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை ஒப்புதல் தேவைப்படாதவை, ஒப்புதல் தேவைப்படுபவை, அனுமதிக்கப்படாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. அங்குள்ளவர்கள் பொருளை வாங்கும் முன்பே அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது காப்புறுதி. காரில் செய்த மாற்றத்தை நிறுவனத்திடம் தெரிவிக்காமல் இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்ட விபத்தாக இருந்தால் அதன் சுமை ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்கு வேண்டாம்?

மின்னணுத் த்ரோட்டலுடன் வரும் இக்காலக் கார்களுக்கு இது ஏற்றதன்று. அவற்றில் ஐட்லிங், குரூஸ் கண்ட்ரோல், சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு எல்லாம் அந்த ஒற்றைத் த்ரோட்டலோடு பின்னிக்கிடக்கின்றன. அதை எடுத்துவிட்டுக் கேபிளால் இயங்கும் நான்கைப் பொருத்தினால் பாதுகாப்பு அம்சங்களும் சேர்ந்து போய்விடும்.

வீட்டில் ஒரே கார், தினமும் நெரிசலில் பயணம் என்பவருக்கும் இது வேண்டாம். அதே பணத்தில் நல்ல டயர், பிரேக் பட்டைகள், குளிர்விப்பு அமைப்பு, சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் புதுப்பித்தால் கார் ஓட்டுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி கூடுதலாக இருக்கும்.

வேறொரு அன்றாடக் கார் இருந்து, வார இறுதிக்கென்று பழைய கார் ஒன்றை வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். அவர்களுக்கும் இரண்டு வழிகளில் எளிதானது, ஐடிபியோடு பிறந்த 20 வால்வு போன்ற இயந்திரத்தை அதன் காற்றுப் பெட்டி, சென்சார், வேக்குவம் குழாய்கள் எதையும் கழற்றாமல் பொருத்துவது. குளிர்சாதனத்தோடும் நெரிசலோடும் ஓடும்படி தொழிற்சாலைப் பொறியாளர்கள் ஏற்கெனவே செய்துவைத்த வேலை அது. வேறு இயந்திரத்துக்குத் தொகுப்பு வாங்கிப் பொருத்துபவர், த்ரோட்டல் பெட்டியின் விலையோடு ஈசியூ, ஒயரிங், சென்சார்கள், காற்றுப் பெட்டி, வேக்குவம் தொட்டி, டியூனிங் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அதற்கும் முன்னால் இயந்திரத்தின் கம்ப்ரெஷனைச் சோதிக்க வேண்டும். தேய்ந்த இயந்திரத்தை எத்தனை த்ரோட்டலாலும் காப்பாற்ற முடியாது.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பட்டறையில் பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளர் ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

1. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் எங்கிருந்து, எத்தனை குழல்களிலிருந்து எடுக்கப்படும்?

2. ஈசியூ எந்த முறையில் காற்றைக் கணக்கிடும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தம் உண்டா?

3. டியூனிங் முழு மிதியில் மட்டுமா, சிறு மிதியிலும் சாலை ஓட்டத்திலும் செய்யப்படுமா? எந்தப் பெட்ரோலில் செய்யப்படும்? ரோன் 97இல் டியூன் செய்துவிட்டு ரோன் 95 ஊற்றினால் இயந்திரம் தட்டக்கூடும்.

4. குளிர்சாதனம் ஓடும்போது ஐட்லிங்கைத் தாங்கும் ஏற்பாடு என்ன?

5. ஜேபிஜே ஒப்புதலுக்குத் தேவையான ஆவணங்களைப் பட்டறை தருமா?

முதல் கேள்விக்கே தெளிவான பதில் வராத பட்டறையாக இருந்தால், வேறு பட்டறையைத் தேடுவதே நல்லது.